நிஜக் கொலை வழக்குகளைப் பற்றிய புத்தகங்கள் ஏன் பாதியிலேயே சலித்துவிடுகின்றன?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். நிஜக் கொலை வழக்கைப் பற்றிய புத்தகம் எது கண்ணில் பட்டாலும் வாங்கிவிடுவேன். அவற்றில் பாதியில் மூடி வைத்தவைதான் அதிகம். ரத்தத்தை விவரிப்பதில் அவை குறை வைப்பதில்லை. உண்மை எப்படி வெளியே வந்தது, செத்துப்போனது யார் என்ற இரண்டையும்தான் விட்டுவிடுகின்றன.

ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013 பிப்ரவரி 14 விடியற்காலையில், பூட்டியிருந்த கழிவறைக் கதவின் மேல் நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்த அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப் இறந்துபோனார். 2014 மார்ச்சில் விசாரணை தொடங்கியபோது அதற்கென்றே ஒரு தனி டிவி சேனல் ஓடியது. எங்கள் வீட்டில் கறி கொதிக்கும் சத்தத்தோடு வக்கீல்களின் குரலும் கேட்டுக்கொண்டே இருக்கும். பிறகு அந்த வழக்கைப் பற்றி வந்த ஒரு புத்தகத்தை ஆசையாக வாங்கினேன். டிவியில் கேட்ட சாட்சியங்களையே பக்கம் பக்கமாக இறக்கி வைத்திருந்தார்கள்.

நான் தேடியது வேறு. 2014இல் நீதிபதி மசிபா அதைக் கொலை என்று சொல்லவில்லை, கவனமின்மையால் நேர்ந்த மரணம் என்றார். 2015 டிசம்பரில் புளூம்ஃபொன்டைன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொலைதான் என்றது. நடுவில் என்ன மாறியது? கதவுக்குப் பின்னால் யார் இருந்தாலும் சரி, அங்கே ஓர் உயிர் இருக்கிறது, சுட்டால் போய்விடலாம் என்று தெரிந்தே சுட்டால் அது கொலை. ஆள் இன்னார் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. வழக்கின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம்கூட இல்லை.

பெற்ற மகனுக்கே விஷம் கொடுத்துக் கொன்ற டெய்சி டி மெல்கர் கதையின் முடிவு இங்கே பலருக்கும் தெரியும். 1932 டிசம்பர் 30 அன்று தூக்கிலிடப்பட்டார். ஆனாலும் அந்த வழக்கைப் பற்றி எது கிடைத்தாலும் ஒரே மூச்சில் படித்துவிடுவேன். இருபது வயது மகன் இறந்தபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டாம் கணவரின் சகோதரர் சந்தேகத்தைக் கிளப்பிய பிறகுதான் மகனையும் இரண்டு கணவர்களையும் தோண்டி எடுத்தார்கள். மகனோடு வேலை பார்த்த ஒருவர் அவனுடைய பிளாஸ்கில் இருந்த காப்பியில் கொஞ்சம் குடித்துவிட்டுப் பிழைத்திருந்தார். அவருடைய முடியிலும் நகத்திலும் ஆர்சனிக் இருந்தது. பேப்பரில் வந்த போட்டோவைப் பார்த்து ஒரு மருந்துக்கடைக்காரர் டெய்சியை அடையாளம் கண்டார்: பூனையைக் கொல்ல வேண்டும் என்று சொல்லி, பழைய கணவர் பெயரில் கையெழுத்துப் போட்டு விஷம் வாங்கிப் போன அம்மா! கணவர்களைக் கொன்றதாகச் சொன்ன குற்றம் நிரூபணமாகவில்லை. மகனுக்காக மட்டுமே தண்டனை.

பெற்ற மகனை ஏன் கொன்றார் என்பதற்கு இன்றுவரை உறுதியான பதில் இல்லை. மட்டமான புத்தகம் இந்த இடத்தில்தான் அளக்க ஆரம்பிக்கும்: "அன்றிரவு அவள் நெஞ்சில் ஒரு இருள் கவிந்தது..." கூடவே இருந்து பார்த்த மாதிரி! அந்த வரி வந்ததும் அதற்கு முன்னால் சொன்னவற்றின் மேலும் எனக்கு நம்பிக்கை போய்விடும்.

இது எனக்கு வெறும் ரசனை விஷயம் இல்லை. எங்கள் தெருமுனையில் டீ ரூம் (இங்கே சின்ன மளிகைக்கடைக்கு அந்தப் பெயர்) வைத்திருந்த மாமாவை நான் பள்ளியில் படிக்கும்போது கொள்ளைக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். வருடங்கள் கழித்து, ரவுடிக் கும்பல்களைப் பற்றிய ஒரு புத்தகத்தில் அவரைப் பார்த்தேன். "ஒரு இந்தியக் கடைக்காரர்" என்று ஒரே வரி. சுட்டவனுக்கு இரண்டு அத்தியாயம்.

மாமாவிடம் நீல அட்டை போட்ட ஒரு கடன் நோட்டு உண்டு. ரொட்டி, பால், பாரஃபின் என்று எல்லார் வீட்டுக் கணக்கும் அதில் இருக்கும். வெள்ளிக்கிழமை சம்பளம் வந்தால் கொடுப்பார்கள், வராவிட்டால் அவர் கேட்கமாட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அத்தை கையில் பணத்தை வைத்தார்கள். அத்தைக்கு எழுத்து தெரியாது. யார் எவ்வளவு பாக்கி என்று அவருக்குத் தெரியவும் வழியில்லை. அவர்களே பக்கத்தைப் புரட்டி, தங்கள் பெயரைத் தேடி, கோடு போட்டு அடித்தார்கள். எங்கள் வீட்டுக் கணக்கு நாற்பத்திரண்டு ராண்ட். அம்மா சொல்ல, அந்தக் கோட்டைப் போட்டது நான்தான்.