வாட்டர்மார்க் காட்டிக்கொடுத்தது யாரை?

கேள்வி: வீட்டிலிருந்தே படங்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறேன். ஓடிடியில் வரவிருந்த ஒரு படத்தின் பிரதியை வேலைக்காக அனுப்பியிருந்தார்கள். படம் ஓடிக்கொண்டிருக்க, நான் அடுப்பை அணைக்கப் போன நேரத்தில், கல்லூரியில் படிக்கும் அத்தை மகன் ஐந்து நிமிடம் போனில் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டான். மூலையில் தெரிந்த என் இமெயில் முகவரியை வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறான். அப்படியும் அது டெலிகிராம் வரை போய், என் பிரதிதான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ரூ.25 லட்சம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 63, 65ஏ, சினிமாட்டோகிராஃப் சட்டம் 6ஏஏ என்று பிரிவுகள் போட்டிருக்கிறார்கள். ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: முதலில், யார் போனிலிருந்தும் அந்த வீடியோவை அழிக்க விடாதீர்கள். பயத்தில் எல்லோரும் செய்வது அதைத்தான். சாட்சியத்தை மறைத்ததாக பாரதிய நியாய சன்ஹிதா 238ஆம் பிரிவில் தனி வழக்கே வரலாம். எடுத்தது அவன் போன், எடுத்த நேரம் இன்னது என்று உங்களுக்காகச் சொல்லப்போவதும் அந்த வீடியோதான்.

முகவரியை வெட்டிய பிறகும் எப்படித் தெரிந்தது என்று குழம்பியிருப்பீர்கள். ஓடிடி நிறுவனங்கள் படத்தைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி, என்கிரிப்ட் செய்து வைக்கின்றன. சாவி தனி சர்வரிலிருந்து, அனுமதி உள்ள கருவிக்கு மட்டும் வரும். கூகுளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்ப்ளே எல்லாம் இந்த வகைப் பூட்டுகள். ஓடிடி படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பெரும்பாலும் கறுப்பாக வருவது இதனால்தான். ஆனால் திரைக்கு எதிரே இன்னொரு போனை நீட்டினால் பூட்டு என்ன செய்யும்? அதற்குத்தான் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க். அதில் ஒரு முறை இது: ஒவ்வொரு துண்டையும் நுண்ணிய வித்தியாசத்தோடு ஏ, பி என இரண்டு விதமாகத் தயாரிப்பார்கள். உங்களுக்கு ஏ-பி-பி-ஏ என்று ஒரு வரிசை, அடுத்தவருக்கு வேறொன்று. 20 துண்டுகளிலேயே பத்து லட்சத்துக்கு மேல் வரிசைகள் கிடைத்துவிடும். துண்டுக்கு ஆறு நொடி என்றால் ஐந்து நிமிடத்தில் 50 துண்டுகள். மூலையை வெட்டியதால் பயனில்லை.

ஆனால் வாட்டர்மார்க் சொல்வது எந்தப் பிரதி என்பதை மட்டும்தான். எடுத்தது யார் கை என்பதை அது சொல்லாது. உங்கள் தரப்பு நிற்பதே இந்த இடத்தில்தான். 63ஆம் பிரிவு, தெரிந்தே உரிமையை மீறியவருக்கும் அதற்கு உடந்தையானவருக்கும் உரியது. தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றால் அது உங்கள் மேல் நிற்காது. இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-இல் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகார் கொடுத்திருப்பதாகத் தெரிந்தால் உடனே முன்ஜாமீன் கேளுங்கள்.

65ஏ பூட்டை உடைத்தவருக்கானது. இங்கே யாரும் பூட்டைத் தொடவில்லை என்று உறுதியாக வாதாடலாம். 6ஏஏ தியேட்டருக்குள் படம் பிடிப்பதைப் பற்றியது; உங்கள் வீட்டு ஹால் தியேட்டர் அல்ல. முகவரியை வெட்டியதற்காக 65பி-யைச் சேர்த்தாலும் கலங்க வேண்டாம். அது காப்பது, படைப்பின் உரிமையாளர் யார் என்பது போன்ற உரிமைத் தகவலை; அதில், பயனரை அடையாளம் காட்டும் ஏற்பாடு சேராது என்று சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. வாட்டர்மார்க் ஆய்வு அறிக்கையையும், பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி ஹாஷ் மதிப்போடு (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) கூடிய சான்றிதழையும் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் தவறு ஒப்பந்தத்தில் இருக்கிறது. ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்ட பிரதியை, ஆள் இருக்கும் அறையில் ஓடவிட்டுப் போயிருக்கிறீர்கள். இதை மறுத்து எழுதாதீர்கள். ஒரு பொய் மற்ற உண்மைகளையும் கெடுத்துவிடும். ஆனால் ஒப்பந்தத்திலேயே 25 லட்சம் என்று எழுதியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி அது உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும். உங்களுக்குத் தெரிந்த டெலிகிராம் லிங்குகளை இன்றே அவர்களுக்கு அனுப்புங்கள். சீக்கிரம் நீக்கினால் இழப்பும் குறையும்.

அத்தை மகனுக்கு வேறு வழக்கறிஞர் வேண்டும். இருவர் நலனும் இங்கே மோதுகிறது. "சின்னப் பையன், படிப்பு கெட்டுவிடும், நீயே ஒத்துக்கொள்" என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கு இணங்கி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.