உடற்பயிற்சி ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுமா, குறைக்குமா?

இரண்டும் நடக்கும். ஃப்ரீ ரேடிக்கல்கள் என்ற நிலையற்ற மூலக்கூறுகள் உடலின் காப்பை மீறிப் பெருகி செல்களைத் தாக்கும் நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். பயிற்சியின்போது சுருங்கும் தசைகளில் ஃப்ரீ ரேடிக்கல்கள் பெருகி, அழுத்தம் சில மணி நேரம் கூடுகிறது. அந்தத் தற்காலிக ஏற்றமே என்ஆர்எஃப்2 என்ற புரதத்தைத் தூண்டுகிறது. அது செல்லின் உட்கருவுக்குள் போய், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் போன்ற காப்பு நொதிகளைக் கூடுதலாக உருவாக்க வைக்கிறது. வாரக்கணக்கில் தொடர்ந்தால் ஓய்வுநிலையிலேயே அழுத்தம் தணியும்.

இந்தப் பலனைப் பலர் வைட்டமின் மாத்திரையால் கெடுத்துக்கொள்வதுதான் வருத்தம். 2009இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், 4 வாரம் தினமும் 1000 மி.கி. வைட்டமின் சியும் 400 ஐ.யு. வைட்டமின் ஈயும் எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் கூடவேண்டிய இன்சுலின் உணர்திறன் (இன்சுலினுக்கு இணங்கிச் செல்கள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் திறன்) கூடவில்லை. காப்பைத் தூண்டும் ஃப்ரீ ரேடிக்கல் சமிக்ஞையையே மாத்திரை அடக்கிவிட்டது. மருத்துவர் குறைபாடு என்று சொல்லாதவரை காய், பழமே போதும்.

சுமையைப் படிப்படியாக ஏற்றுங்கள்; கடுமையாக உழைத்த தசைக்கு 48 மணி நேரம் விடுங்கள். ஓய்வின்றித் தொடர்ந்தால் காப்பு நொதிகளால் ஈடுகொடுக்க முடியாது.