பெயர் கெட்டுப்போன கவர்னர் மறுபடி ஜெயிக்க முடியுமா? அதிபர் கனவு காண முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மாநில கவர்னருக்கு மக்களிடம் ரொம்பவே கெட்ட பெயர் வந்துவிட்டால், அவர் அடுத்த தேர்தலில் ஜெயிக்க வாய்ப்பு உண்டா? ஜெயித்தால் அதிபர் பதவி வரை போக முடியுமா?

முதல் பாதிக்கு என் பதில்: ஜெயிக்கலாம், ஜெயித்திருக்கிறார்கள். இரண்டாம் பாதிக்கு: அநேகமாக முடியாது. கெட்ட பெயரோடு நிற்பவர் ஜெயிப்பதற்கு ஒரு வழிதான் இருக்கிறது. ஜனங்கள் தன்னைப் பற்றி யோசிக்காமல் வேறு யாரையாவது பார்த்துக் கோபப்படும்படி செய்ய வேண்டும். அது பலிக்கும். ஆனால் அப்படிச் சம்பாதித்த ஓட்டு அந்த ஒரு தேர்தலுக்குத்தான் உதவும்.

இதைக் கலிபோர்னியாவை வைத்துச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பழகிய ஊர் என்பதால். 2000-களின் தொடக்கத்தில் சான் ஹோசே பக்கம் வேலை பார்த்தேன். ஹெச்-1பி விசா. வரி உண்டு, ஓட்டு கிடையாது. அதனால் அந்த ஊர் அரசியலைக் கிரிக்கெட் பார்ப்பது போல நிம்மதியாகப் பார்க்க முடிந்தது. (அங்கே கவர்னர் என்பவர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர். அதிகாரத்தில் நம் முதல்வர் மாதிரி. ராஜ்பவனை மறந்துவிடுங்கள்.)

முதலில் பீட் வில்சன். குடியரசுக் கட்சிக்காரர், சான் டியேகோ மேயராகவும் பிறகு செனட்டராகவும் இருந்தவர். 1990-ல் டயான் ஃபைன்ஸ்டைனைத் தோற்கடித்து கவர்னரானார். வந்ததுமே பட்ஜெட்டில் சுமார் 1,400 கோடி டாலர் துண்டு விழுந்தது. பனிப்போர் முடிந்ததில் ராணுவத் தளவாட ஆலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. வில்சன் வரியை ஏற்றினார், சொந்தக் கட்சியே திட்டியது. 1992-ல் லாஸ் ஏஞ்சலஸ் கலவரம். அதே வருடம் பட்ஜெட் இழுபறியில் அரசாங்கம் பணத்துக்குப் பதில் கடன் சீட்டு எழுதிக் கொடுத்தது. 1993-ல் கருத்துக்கணிப்புகளில் அவர் 20 புள்ளிகளுக்கும் மேல் பின்தங்கியிருந்தார். எதிரில் நின்றவர் கேத்லீன் பிரவுன். அப்பா பேட் பிரவுன், அண்ணன் ஜெர்ரி பிரவுன், இரண்டு பேருமே கவர்னராக இருந்தவர்கள். ஆள் முடிந்தார் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள்.

1994 ஜனவரியில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தது. இடிந்த சான்டா மோனிகா நெடுஞ்சாலையை, சீக்கிரம் முடித்தால் ஒவ்வொரு நாளுக்கும் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் போட்டு, கெடுவுக்கு இரண்டு மாதத்துக்கும் மேல் முன்னதாகவே திறந்துவிட்டார். நிர்வாகம் தெரிந்தவர் என்ற பெயர் கொஞ்சம் ஒட்டியது. ஆனால் அவரைத் தூக்கி நிறுத்தியது அது இல்லை, 187-ஆம் எண் பிரேரணை (பிரேரணை என்றால் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் சட்ட முன்மொழிவு). ஆவணமில்லாமல் குடியேறியவர்களுக்கு அரசுப் பள்ளி, அவசரமில்லாத மருத்துவம், மற்ற உதவிகள் எதுவும் கிடையாது என்று சொல்லும் பிரேரணை அது. வில்சன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவருடைய டிவி விளம்பரத்தில் எல்லைச் சாவடி அருகே கார்களுக்கு நடுவே ஆட்கள் ஓடுவார்கள். 'வந்துகொண்டே இருக்கிறார்கள்' என்று பின்னணியில் ஒரு கனத்த குரல். வேலை போன கோபம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. நவம்பரில் பிரேரணை கிட்டத்தட்ட 59 சதவீதம் வாங்கியது, வில்சன் 55 சதவீதம் வாங்கி ஜெயித்தார்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 'முழு நான்கு வருடமும் இருப்பேன், அதிபர் தேர்தலில் நிற்க மாட்டேன்' என்று அந்தப் பிரசாரத்திலேயே வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த வருடமே நிற்கிறேன் என்று கிளம்பினார். தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகிக் குரலே போய்விட்டது. பேச முடியாத வேட்பாளர்! 1995 ஆகஸ்ட் கடைசியில் நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையைப் பின்னால் வைத்துக்கொண்டு அதிகாரபூர்வமாக அறிவித்தார். குடியேறிகளை எதிர்த்து ஓட்டு வாங்கியவருக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். செப்டம்பர் முடிவதற்குள் விலகிவிட்டார்.

இதில் வெளியூர்க்காரர்கள் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. கலிபோர்னியாவில் துணை கவர்னர் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுவார். 1994-ல் அந்தப் பதவிக்கு வந்தவர் ஜனநாயகக் கட்சியின் கிரே டேவிஸ். வில்சன் வாஷிங்டன் போனால் மாநிலம் எதிர்க்கட்சி கையில் போய்விடும். சொந்த ஊர் நன்கொடையாளர்கள் எப்படிப் பணம் கொடுப்பார்கள்? 187-ஐயும் நீதிமன்றம் முடக்கிவிட்டது, அது முழுதாக அமலுக்கு வரவே இல்லை. ஆனால் அந்தக் கோபத்தில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் திரளாகக் குடியுரிமை வாங்கி ஓட்டுப் போட ஆரம்பித்தார்கள். குடியரசுக் கட்சி அந்த மாநிலத்தில் தேய்ந்துபோனதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய காரணங்களில் ஒன்று.

சரி, அந்தக் கிரே டேவிஸ். நான் நேரில் பார்த்த கதை இது. 1998-ல் கிட்டத்தட்ட 58 சதவீதம் வாங்கி கவர்னரானார். 2000-ல் அவர் பெயர் வருங்கால அதிபர் பட்டியல்களில் அடிபட்டது. அப்புறம் மின்சாரம் போனது. சிலிக்கான் வேலியில் பவர்கட்! தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்களுக்குப் பழகிய விஷயம்தான், மெழுகுவர்த்தி எங்கே என்று தேடினோம். அமெரிக்க சகாக்கள்தான் அரண்டுபோனார்கள். மின்சந்தையைத் திறந்துவிட்ட 1996 சட்டத்தில் கையெழுத்துப் போட்டது வில்சன். செயற்கைத் தட்டுப்பாடு உண்டாக்கிச் சம்பாதித்தவர்கள் என்ரான் மாதிரியான வியாபாரிகள். ஆனால் விளக்கு அணைந்தபோது நாற்காலியில் இருந்தவர் டேவிஸ். மாதக்கணக்கில் தயங்கிவிட்டு, விலை உச்சத்தில் இருந்தபோது நீண்டகால ஒப்பந்தங்களில் அரசாங்கப் பணத்தைக் கொட்டினார். பெயர் கெட்டது.

2002 தேர்தலில் அவர் செய்ததை நான் சாமர்த்தியம் என்றும் சொல்வேன், அயோக்கியத்தனம் என்றும் சொல்வேன். எதிர்க்கட்சியில் நிற்க இருந்தவர் ரிச்சர்ட் ரியோர்டன், லாஸ் ஏஞ்சலஸ் முன்னாள் மேயர், மிதவாதி. அவர் வந்திருந்தால் டேவிஸ் தோற்றிருப்பார் என்பது என் கணிப்பு. அதனால் எதிர்க்கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே டேவிஸ் சுமார் ஒரு கோடி டாலர் செலவழித்து ரியோர்டனைத் தாக்கி விளம்பரம் போட்டார். ரியோர்டன் காலி. பில் சைமன் என்ற அனுபவமில்லாத பணக்காரர் வேட்பாளரானார். தனக்கு வேண்டிய எதிரியைத் தானே பொறுக்கி எடுத்த மாதிரி. சைமனும் ஏமாற்றவில்லை. அரசு அலுவலகத்தில் டேவிஸ் நன்கொடை வாங்கினார் என்று ஒரு புகைப்படத்தைக் காட்டினார், கடைசியில் அது சான்டா மோனிகாவில் ஒரு தனியார் வீடு என்று தெரிந்தது. 47-க்கு 42 என்று டேவிஸ் ஜெயித்தார். 'ரெண்டு பேரில் இவர் பரவாயில்லை' என்பதற்கு மேல் அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. நிறைய பேர் ஓட்டுப் போடவே போகவில்லை.

வினை அங்கேதான் இருந்தது. பதவியில் இருப்பவரைத் திரும்ப அழைக்கும் உரிமை 1911 முதல் கலிபோர்னியாவில் உண்டு. கடந்த கவர்னர் தேர்தலில் பதிவான ஓட்டில் 12 சதவீதம் கையெழுத்து சேர்த்தால் போதும். சேற்றை வாரி இறைத்த பிரசாரத்தால் ஓட்டுப்பதிவு குறைய, தேவையான கையெழுத்தும் ஒன்பது லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. டாரல் ஐசா என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் சொந்தக் காசை இறக்கினார், 13 லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. இதற்கு நடுவே பட்ஜெட் ஓட்டையை அடைக்க வண்டி வரியை மூன்று மடங்காக்கினார்கள். ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் அந்த வாரம் முழுக்க வேறு பேச்சே இல்லை. 2003 அக்டோபர் 7-ல் 55 சதவீதம் பேர் டேவிஸ் போகட்டும் என்றார்கள். அவர் போனால் அடுத்தவர் யார் என்பதையும் அதே ஓட்டுச்சீட்டில் கேட்டிருந்தார்கள். அதில் 135 வேட்பாளர்களில் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் ஜெயித்தார். அவர் பிரசாரத்துக்குப் பக்கபலமாக நின்றவர் யார் தெரியுமா? பழைய பீட் வில்சன்.

டேவிஸுக்கு முன் அப்படி நீக்கப்பட்ட கவர்னர் ஒருவர்தான், 1921-ல் வடக்கு டகோட்டாவின் லின் ஃப்ரேசியர். அவர் அடுத்த வருடமே செனட் தேர்தலில் ஜெயித்து 18 வருடம் உட்கார்ந்திருந்தார் என்பது வேறு கதை. டேவிஸ் அப்புறம் தேர்தல் பக்கமே வரவில்லை.

டெக்சஸ் கவர்னராக இருந்த ரிக் பெரி இன்னொரு ரகம். 2006-ல் வெறும் 39 சதவீதம்தான் வாங்கினார், ஆனால் எதிர் ஓட்டு மூன்று பேருக்குப் பிரிந்தது. ஊர் இரண்டுபட்டால் யாருக்குக் கொண்டாட்டம் என்று நமக்குத் தெரியாதா. 2012 அதிபர் போட்டிக்குப் போனபோது, தான் மூடப்போவதாகச் சொன்ன மூன்று துறைகளில் மூன்றாவதன் பெயர் மேடையில் நினைவுக்கு வரவில்லை. அது எரிசக்தித் துறை. பிற்பாடு டிரம்ப் அவரை அதே துறைக்கு அமைச்சராக்கினார்.

பிற்பாடு கலிபோர்னியா கவர்னரான கேவின் நியூசமையும் கேட்பீர்கள். கொரோனா நேரத்தில் மக்களை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு விலையுயர்ந்த உணவகத்தில் விருந்துக்குப் போய் மாட்டினார், 2021-ல் அவர் மேலும் திரும்ப அழைக்கும் தேர்தல் வந்தது. ஆனால் 2003-ல் சொந்தக் கட்சியின் துணை கவர்னர் பஸ்டமான்டே போட்டியில் குதித்து டேவிஸின் காலை வாரியதை அவர் மறக்கவில்லை. இந்த முறை கட்சியின் பெரிய தலை யாரும் மனுப் போடாமல் பார்த்துக்கொண்டார். லேரி எல்டர் என்ற வானொலிக்காரரைக் காட்டி, 'நானா, இவரா' என்று கேட்டார். கிட்டத்தட்ட 62 சதவீதம் அவர் பக்கம். அவர் அதிபர் போட்டிக்குப் போனால் அதை வைத்து என் பதிலைச் சோதிக்காதீர்கள். அப்போது சத்தம் பெரிதாக இருந்ததே தவிர, வில்சனும் டேவிஸும் விழுந்த அளவுக்கு அவர் செல்வாக்கு சொந்த மாநிலத்தில் விழவே இல்லை.