போர் விமானத்தின் விமானியறை வடிவமைப்பு: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

விமானியறைத் திரைகளையும் கட்டுப்பாடுகளையும் வடிவமைக்கும் பொறியாளர் ஒருவர், பெங்களூருத் தமிழ் வாசகர்களுக்கு அளித்த பதில்கள் இவை.

கேள்வி (மென்பொருள் பொறியாளர், விமானபுரம்): ஐயா, செயலி உருவாக்கும்போது பயனர்களைப் பேட்டி காண்கிறோம். போர் விமானிகளிடமும் அதே முறைதானா?

பதில்: பேட்டி தேவைதான்; ஆனால் அது தொடக்கம் மட்டுமே. நாற்காலியில் அமைதியாக அமர்ந்து விமானி சொல்வதும், வானில் அவர் கை செய்வதும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை. ஆகவே வானில் எரிபொருள் நிரப்புவது போன்ற ஒரு பணியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் கண் எங்கே இருக்கிறது, கை எதைப் பிடித்திருக்கிறது, எந்த முடிவை எவ்வளவு விரைவில் எடுக்க வேண்டும் என்று பிரித்து எழுதுகிறோம். அதன் பிறகே மாதிரி அறையும் சிமுலேட்டரும் வருகின்றன.

நான் பெரிதும் நம்புவது, 1988-இல் அமெரிக்கப் பொறியாளர் மைக்கா எண்ட்ஸ்லி முன்வைத்த சோதனையை. சிமுலேட்டர் பறந்துகொண்டிருக்கும்போதே முன்னறிவிப்பின்றித் திரைகளை அணைத்துவிட்டு, எதிரி விமானம் எத்திசையில் உள்ளது, எரிபொருள் எவ்வளவு மீதம் என்று கேட்பார்கள். விமானிகள் மிகவும் விரும்பிப் பாராட்டும் திரையாக இருந்தாலும், நிலைமையை அவர்கள் மனத்தில் பதிய வைக்கவில்லையென்றால் அது இந்தச் சோதனையில் வெளிப்பட்டுவிடும்.

கேள்வி (ஆசிரியை, அல்சூர்): விபத்து நேர்ந்தால் உடனே 'விமானியின் பிழை' என்கிறார்களே, அது சரியா?

பதில்: அந்த முடிவோடு விசாரணை நின்றுவிடுவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது, அம்மா. இரண்டாம் உலகப் போரில் பி-17 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் விமானிகள், தரையிறங்கிய பின் ஃப்ளாப்புகளை (இறக்கையின் பின்விளிம்பிலுள்ள அசையும் தகடுகளை) மடக்குவதாக எண்ணிச் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். ஒரே தோற்றமுடைய இரு சுவிட்சுகள் அருகருகே இருந்ததே காரணம் என்று அமெரிக்க உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் கண்டறிந்தார். சக்கரத்துக்குரிய பிடியைச் சக்கர வடிவிலும், ஃப்ளாப்புக்குரியதை இறக்கை வடிவிலும் அமைத்ததும் குழப்பம் நீங்கியது. ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1947-இல் இத்தகைய 460 பிழைகளை ஆராய்ந்தபோது, அவற்றில் பாதியளவு ஒரு கட்டுப்பாட்டை இன்னொன்றாக எண்ணியதால் நேர்ந்தவை என்று தெரிந்தது. எங்கள் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி (கல்லூரி மாணவி, ஜீவன்பீமா நகர்): சராசரி உடலளவுக்கு அறையை அமைத்தால் போதாதா?

பதில்: போதாது, அம்மா. 1950-இல் அமெரிக்க விமானப்படைக்காக கில்பர்ட் டேனியல்ஸ் 4,063 விமானிகளின் பத்து உடலளவுகளை ஒப்பிட்டபோது, பத்திலும் சராசரிக்கு அருகில் ஒருவர்கூட இல்லை. இருக்கையும் மிதிகட்டைகளும் நகரக்கூடியவையாக இருப்பது அதனால்தான். 2016 முதல் நம் விமானப்படையில் பெண்களும் போர் விமானம் ஓட்டுவதால், இங்கும் அளவுகளின் வீச்சை விரிவாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி (ஓய்வுபெற்ற தொழில்நுட்பர், முருகேஷ்பாளையா): விமானியின் வேலைச்சுமையை எப்படி அளக்கிறீர்கள்?

பதில்: மனச்சுமை, நேர நெருக்கடி, எரிச்சல் உள்ளிட்ட ஆறு கூறுகளுக்கு விமானியே மதிப்பெண் இடும் நாசா-டிஎல்எக்ஸ் படிவம் உண்டு. பறப்பு முடிந்தவுடனே அதை நிரப்பச் சொல்ல வேண்டும். தாமதித்தால் நினைவு மங்கிவிடும்.

கேள்வி (வடிவமைப்பாளர், இந்திராநகர்): இனி எல்லாமே தொடுதிரையாகிவிடுமா?

பதில்: ஆகக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. 9 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு விசை தாக்கும் திருப்பத்தில் கையின் எடை ஒன்பது மடங்காக உணரப்படும். கையுறையும் அதிர்வும் வேறு. எஃப்-35 என்ற அமெரிக்கப் போர் விமானத்தில் பெரிய தொடுதிரை இருந்தாலும், சண்டையின்போது தேவைப்படும் முக்கியச் சுவிட்சுகள் விமானியின் இரு கைகளும் பிடித்திருக்கும் விசைத்தண்டிலும் திராட்டிலிலுமே (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலிலுமே) உள்ளன. வழித்தடம் அமைப்பது போன்ற நிதானமான பணிகளுக்குத் தொடுதிரை நன்று. ஏவுகணையைத் தவிர்க்கத் திரும்பும் நொடியில் விமானி விரலை நீட்டித் திரையைத் தேடும் நிலை வரக்கூடாது.