உஷா உதுப் பாடினால் இன்றைக்கும் கூட்டம் எழுந்து ஆடுவது ஏன்?

கேள்வி இது: "உஷா உதுப் தமிழில் பாடியதே கொஞ்சம். இந்தி ஹிட்டுகளும் பழையவை. எழுபத்தைந்தைத் தாண்டிய பிறகும் அவருக்கு ரசிகர்கள் குறையாதது எப்படி?"

அவரை சினிமாப் பாடகி என்ற கணக்கில் வைத்துப் பார்ப்பதால் வரும் சந்தேகம் இது. அவர் கிளப் பாடகி. சினிமா நடுவில் வந்து போனது.

1969-இல் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்று ஒரு சின்ன கிளப் இருந்தது. பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் உஷா ஐயர் (பின்னாளில் உஷா உதுப்) பாடத் தொடங்கியது அங்கேதான். பிறகு பம்பாயில் 'டாக் ஆஃப் தி டவுன்', கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் 'ட்ரின்காஸ்'. இங்கெல்லாம் வருகிறவர்கள் சாப்பிட வருகிறார்கள், பாட்டுக் கேட்க அல்ல. தட்டுச் சத்தம், பேச்சுச் சத்தம், நடுவில் சர்வர் குறுக்கே போவார். முதல் இரண்டு வரிக்குள் தலைகள் திரும்பவில்லையென்றால் அந்தப் பாட்டு போச்சு. எந்த மேசையில் எந்த ஊர்க்காரர், யாருக்கு மெதுவான பாட்டு, எப்போது வேகத்தை ஏற்றுவது என்று பாடிக்கொண்டே கணக்குப் போட வேண்டும். ரெக்கார்டிங் தியேட்டரின் கண்ணாடி அறையில் ஹெட்போன் போட்டு நின்று பாடியவருக்கு இந்தப் பயிற்சி கிடைக்க வழியே இல்லை. ஹிட் கொடுத்த எத்தனையோ பின்னணிப் பாடகர்கள் மேடையில் பேப்பரைப் பார்த்துப் பாடிவிட்டு இறங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். குரலில் குறை ஒன்றும் இருக்காது, எதிரில் இருக்கும் கூட்டத்தைப் படிக்கத்தான் தெரியாது.

கிளப் பாடகி என்றால் கவுன் என்றிருந்த காலத்தில் அவர் புடவையில் ஏறினார். இன்றைக்கும் காஞ்சிபுரம் பட்டு, தலைநிறையப் பூ, கை நிறைய வளையல், நெற்றியில் கொல்கத்தாவைக் குறிக்கும் வங்க 'க' எழுத்துப் பொட்டு, காலில் பட்டுத் துணி வைத்துத் தைத்த ஸ்னீக்கர். விளம்பர யுக்தி என்பார்கள், இருக்கட்டும். ஆனால் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்த உருவம் யாரென்று தெரிகிறது. பாட்டியை அழைத்துக்கொண்டு வந்த குடும்பத்துக்கும் கூச்சமில்லை.

இனி குரல். பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்புக்கு ஒத்துவராத குரல் என்று ஒதுக்கப்பட்டவர் அவர். காரணம் சுருதி. கர்நாடகக் கச்சேரியில் பெண்கள் பெரும்பாலும் 5, 5½ கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) பாடுவார்கள். ஆண்கள் 1-லிருந்து 2 கட்டைக்குள். உஷாவுடையது கான்ட்ரால்ட்டோ, பெண் குரல்களிலேயே தாழ்ந்த வகை. ஆண்கள் பாடும் பகுதியின் மேல்பாதியில் அவர் சாவகாசமாக உட்கார்ந்திருப்பார். கதாநாயகிக்கு உயர்ந்த மெல்லிய குரல்தான் என்று முடிவாகியிருந்த சினிமாவில் இதற்கு இடம் குறைவு. கிளப் நடனம், டிஸ்கோ என்று ஓரமாகத்தான் கூப்பிட்டார்கள்.

அந்தக் குறையே பின்னால் லாபமாகிவிட்டது. வயதாகும்போது, குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, பெண்களின் குரல் நாண் கொஞ்சம் தடித்து சுருதி இறங்கும். முதலில் கைவிட்டுப் போவது மேல் சுரங்கள். உச்சஸ்தாயியில் பெயர் வாங்கியவர்கள் தங்கள் பாட்டையே ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கிப் பாட வேண்டி வரும்; ரசிகர் காது உடனே 'அந்தக் குரல் இல்லையே' என்று கண்டுபிடித்துவிடும். உஷாவின் பாட்டுகள் உச்சத்தை நம்பிக் கட்டியவை அல்ல. 1980-ல் கேட்டவர் இன்றைக்குக் கேட்டாலும் ஏமாற்றம் அதிகம் இராது.

மேடையில் அவர் பாட்டை எடுக்கும் பெண்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். ஒரிஜினல் ஸ்கேலில் எடுத்தால் கீழ் சுரங்கள் வெறும் காற்றாகப் போகும். பயந்து ஒரு ஸ்தாயி மேலே ஏற்றினால் குழந்தைப் பாட்டு மாதிரி கீச்சிடும். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸை (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) +3-லிருந்து +5 வரை வைத்துப் பாருங்கள். பாட்டின் உச்ச சுரத்தை வைத்து ஸ்கேலை முடிவு செய்யாதீர்கள். ஆகக் கீழே இருக்கும் வரியைப் பேசுவது போல வார்த்தை தெளிவாகச் சொல்ல முடிகிறதா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். மேலே தானாக இடம் கிடைக்கும்.

சவுண்ட்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் குரல் என்றதும் மிக்ஸரில் லோ-கட் என்ற, தாழ்ந்த ஒலியை வெட்டும் வடிகட்டியை 150 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றிவிட்டு, 3, 4 கிலோஹெர்ட்ஸைத் தூக்குவது பழக்கம். தாழ்ந்த குரலுக்கு அப்படிச் செய்தால் உடம்பு போய் மூக்குதான் மிஞ்சும். 80 ஹெர்ட்ஸில் விட்டுவிடுங்கள். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தால் பாஸ் (தாழ்ந்த ஒலி) தானாக வீங்கும், இரண்டு மூன்று விரல் இடைவெளி போதும். மெதுவான வரிக்கு மட்டும் நெருங்கலாம்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது பாட்டுகளின் கொக்கி, அதாவது கூட்டம் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொல்லும் துண்டு. வரிசையாக வைத்துப் பாருங்கள்: 'ஷாலிமார்' (1978) படத்தில் 'ஒன் டூ சா சா சா', 'ப்யாரா துஷ்மன்' (1980) படத்தில் 'ஹரி ஓம் ஹரி', 'அர்மான்' (1981) படத்தில் 'ரம்பா ஹோ'. முதலாவது ஆர்.டி.பர்மன், மற்ற இரண்டும் பப்பி லஹரி. கூட்டம் திருப்பிச் சொல்ல வேண்டிய இடத்தில் மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் ஓசைதான். கொச்சியிலும் குவஹாத்தியிலும் இந்தி தெரியாதவர் தயங்காமல் சொல்லலாம்.

இதில் ஒரு நடைமுறை விஷயமும் இருக்கிறது. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மேடை ஸ்பீக்கரிலிருந்து 34 மீட்டர் தள்ளி இருப்பவருக்குப் பாட்டு 0.1 நொடி தாமதமாகக் கேட்கும். அவர் திருப்பிப் பாடுவது மேடைக்கு வர இன்னொரு 0.1. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டே அரை நொடிதான். கூட்டத்திடம் நீளமான வரியைக் கொடுத்தால் முன்வரிசை ஒரு சொல்லிலும் பின்வரிசை இன்னொரு சொல்லிலும் நின்று, டிரம்மர் தாளத்தைப் பிடிக்கத் தவிப்பார். இரண்டு மூன்று அசை, அதன் பிறகு இடைவெளி என்றால் தாமதம் அந்த இடைவெளியிலேயே கரைந்துவிடும். புது லைட் மியூசிக் குழுக்கள் பல்லவி முழுவதையும் கூட்டத்திடம் நீட்டிவிட்டு, 'இன்னிக்கு ஆடியன்ஸ் டல்' என்று சொல்வதற்குப் பதிலாக இதைக் கவனிக்கலாம்.

பதினைந்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் பாடுபவர் அவர். ஸ்வாஹிலியில் 'மலைக்கா' என்ற பாட்டும் உண்டு. உச்சரிப்பு எல்லாவற்றிலும் அப்பழுக்கில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊருக்கு வந்தவர் நம் மொழியில் நாலு வரி பாடினால் ஊர் எப்படி உருகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது), பிருகா (வேகமான சுர ஓட்டம்) தேடிப் போகிறவர்களுக்கு இவரிடம் ஒன்றும் கிடைக்காது. மேடையில் பாதிக்கு மேல் பிறர் பாட்டுகள்தான். இசைத்தட்டாகக் கேட்டால் சில பாட்டுகள் சப்பென்றிருக்கும், அவரே மேடையில் பாடும் வீடியோவில் அதே பாட்டு வேறு. புதிதாகக் கேட்பவர் ஆல்பத்திலிருந்து தொடங்கினால் 'இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்' என்று தோன்றிவிடும்.

நம்மவர்கள் முதலில் 'அஞ்சலி' (1990) படத்தின் 'வேகம் வேகம்' கேளுங்கள்; இளையராஜா இந்தக் குரலை எப்படிப் பயன்படுத்தினார் என்று தெரியும். பிறகு '7 கூன் மாஃப்' (2011) படத்தின் 'டார்லிங்'. ரேகா பரத்வாஜும் இவரும் சேர்ந்து பாடியது, இருவருக்கும் பிலிம்ஃபேர் வாங்கிக் கொடுத்தது. இரண்டு பெண் குரல்களில் கனமானது எது என்று பிரித்துக் கேட்க நல்ல பயிற்சி. கடைசியாக, 2024-இல் பரவிய வீடியோ: மைலி சைரஸின் 'ஃப்ளவர்ஸ்' பாட்டை உஷா பாடுகிறார், இடம் அதே ட்ரின்காஸ். அந்த வருடம்தான் பத்மபூஷணும் வந்தது. ஹெட்போனில் கேட்டு முடித்ததும், சத்தத்தை அணைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அவர் கண் எந்த மேசைக்குப் போகிறது என்று மட்டும் கவனியுங்கள்.