ஆள் வைத்து முடிப்பது

அன்புள்ள ஐயா,

ஹைத்தியில் 2021-இல் அதிபரையே வீடு புகுந்து கொன்றார்கள். தலைநகரின் பெரும்பகுதி கும்பல்கள் கைக்குப் போய்விட்டது. எக்வடாரில் 2024 ஜனவரியில் நேரலை ஓடும்போதே தொலைக்காட்சி நிலையத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். ஆட்சி நிலையாக இல்லாததுதானே காரணம்? எல் சால்வடார் நாட்டில் செய்ததுபோல ரவுடிகள் எல்லோரையும் பிடித்து உள்ளே போட்டால் நம் மதுரையும் அடங்கிவிடாதா? (என் பெரியப்பாவின் இடத்தகராறு கோர்ட்டில் பல வருடம் இழுத்தது. எங்கள் ஏரியா தாதா, 'அண்ணன்' என்போம், தலையிட்டு ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்தார்!)

வாசகர், சிலைமான்

அன்புள்ள தம்பி,

அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். ஆச்சரியக்குறி வேறு!

ஆட்சி ஆட்டம் கண்டால் கும்பல்களுக்குக் கொண்டாட்டம் என்பது சரிதான். எக்வடாரில் 2023 மே மாதம் அதிபர் லாஸ்ஸோ நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ஆகஸ்டில், அதிபர் வேட்பாளர் வில்லவிசென்சியோ பிரசாரக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். எல் சால்வடாரில் 2022 மார்ச்சில் அவசரநிலை வந்தபின் கொலைகள் குறைந்தன, மறுக்கவில்லை. உங்களையும் ஒருநாள் தவறாகப் பிடித்துப் போனால் யாரிடம் முறையிடுவீர்கள் என்று மட்டும் யோசியுங்கள். அதை விடுவோம்.

எனக்கு நம் மதுரை வில்லாபுரம்தான் ஞாபகம் வருகிறது. 1997 ஏப்ரல் 11-இல் டெல்லியில் தேவகவுடா அரசு கவிழ்ந்தது. 21-இல் குஜ்ரால் பதவியேற்றார். டீக்கடையெல்லாம் அதே பேச்சு. 23-ஆம் தேதி இங்கே லீலாவதியை வெட்டிக் கொன்றார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநகராட்சி உறுப்பினர். தன் பகுதிக்குக் குடிநீர் கொண்டுவரப் போராடியவர். குழாயில் தண்ணீர் வந்தால் தண்ணீர் விற்பவர்களின் பிழைப்பு போய்விடும். டெல்லி கவிழ்ந்ததாலா அவர் செத்தார்? சென்னையில் அப்போது அசைக்க முடியாத பெரும்பான்மையோடு ஆட்சி நடந்துகொண்டிருந்தது ஐயா!

நாங்கள் அப்போது அவனியாபுரம் பக்கம் குடியிருந்தோம். குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத்தான் தண்ணீர். எங்களுக்குத் தண்ணீர் விற்றவரை அம்மா, "நல்ல மனுஷன், சொன்ன நேரத்துக்கு வண்டி வந்துரும்" என்பார். திட்டு முழுக்க கார்ப்பரேஷனுக்குத்தான். அம்மா மேல் தப்பில்லை. ஆனால் அரசு தரவேண்டியதை வேறொருவன் நேரத்துக்குத் தந்தால் நன்றியும் அவனுக்குத்தானே போகும்? அப்புறம் அவன்மேல் யார் புகார் கொடுப்பார்கள்? கொடுத்தாலும் யார் சாட்சி சொல்ல வருவார்கள்? கந்துவட்டிக்கும் இதே கதைதான். 2003-இல் தடைச் சட்டம் போட்டாயிற்று. ஆனால் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட இன்று சாயங்காலத்துக்குள் பணம் தருகிற பேங்க் எங்கே இருக்கிறது? மீட்டர் வட்டிக்காரன் தருகிறான். சிவில் வழக்கு பேரன் காலம்வரை நடக்கும். கட்டப்பஞ்சாயத்து வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடும். துப்பாக்கியும் அரிவாளும் கடைசியில் வருபவை தம்பி. முதலில் வருவது இந்த உபகாரம்தான். நீங்களோ உபகாரத்தை வாங்கிக்கொண்டு, அரிவாளை மட்டும் போலீஸ் பிடுங்கவேண்டும் என்கிறீர்கள். படித்த பிள்ளை, கொஞ்சம் வெட்கப்பட வேண்டாமா?

பெரியப்பாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் வயதில், கோர்ட் வாசலில் அத்தனை வருடம் நின்றிருந்தால் நானும் சலித்துத்தான் போயிருப்பேன். ஒன்று மட்டும் அவரிடம் கேட்டு எழுதுங்கள். அந்த அண்ணன் நாளை உங்கள் ஊரில் தேர்தலுக்கு நின்றால் ஓட்டு யாருக்கு? பக்கத்து வீட்டு இடத்தை அதே அண்ணன் வளைத்தால், சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்குப் போவாரா?