காபித்தூள் அரைக்கும் வேலைக்குப் பையனை அனுப்பலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். கும்பகோணத்தில் பிளஸ் டூ முடித்த மகன், லீவில் சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு காபித்தூள் கடைக்குப் போனான். இப்போது காலேஜே வேண்டாம், அரவை மிஷினிலேயே நிற்கிறேன் என்கிறான். உயிரியல் குரூப், சுமாரான மார்க். அவன் அப்பா அவனோடு பேசுவதையே விட்டுவிட்டார். "மாவு மில்லில் நிற்கிறான் என்றா சொந்தக்காரர்களிடம் சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொந்தக்காரர்களை அப்புறம் பார்ப்போம். இந்த வேலையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒரே மிஷின் முன்னால் இரண்டு விதமான ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் சுவிட்சைப் போட்டு, கொட்டையைக் கொட்டி, தூளைப் பையில் பிடித்துக் கொடுப்பவர். இன்னொருவர் கொட்டையைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு மிஷினைத் திருகுபவர். முதல் ஆளுக்குப் பத்து வருடம் கழித்தும் அதே ஸ்டூல்தான். உங்கள் மகன் இவர்களில் யார் என்று தெரியாமல் நானும் நீங்களும் எதையும் முடிவு செய்ய முடியாது.

அந்த இரண்டாவது ஆளுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஏனென்றால், வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அது கண்ணில் படாது.

கடையில் இருப்பது பெரும்பாலும் பிளேட் மிஷின். பல் வெட்டிய இரண்டு வட்டப் பிளேட்டுகள். ஒன்று சுழலும், மற்றது நிற்கும். இடையில் உள்ள இடைவெளியைப் பக்கத்துச் சக்கரத்தால் கூட்டலாம், குறைக்கலாம். கேட்க எளிதுதான். ஆனால் கருக வறுத்த கொட்டை பொரபொரவென்று உடையும். அதே இடைவெளியில் மாவாகப் போய்விடும். இள வறுவல் கெட்டி, மோட்டார் முனகும், தூள் கொரகொரப்பாக விழும். பீபெரி என்கிற ஒற்றைக் கொட்டை உருண்டை, பிளான்டேஷன் ஏ என்கிற தரம் தட்டை. நன்றாக வறுத்த கொட்டையில் எண்ணெய் கசியும், அது பிளேட்டின் பல்லில் அப்பிக்கொள்ளும். வறுத்த சூட்டோடு அரைத்தால் வாசனை பாதி அங்கேயே போய்விடும். ஆகவே ஒவ்வொரு சரக்குக்கும் சக்கரம் கொஞ்சம் நகர வேண்டும். எவ்வளவு என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. விழுகிற தூளை விரலிடையில் தேய்த்துப் பார்த்துத்தான் தெரிய வேண்டும்.

இது பிசகினால் என்ன ஆகும் என்பது நம் வீட்டு பில்டருக்கே தெரியும். ஒரு தடவை ஒரு கடையில் அவசரமாக வாங்கிவந்த தூளை ராத்திரி பில்டரில் போட்டு வைத்தேன். காலையில் திறந்தால் மேலே ஊற்றிய தண்ணீர் அப்படியே நிற்கிறது, கீழே நாலு சொட்டு டிகாஷன். அவ்வளவு நைஸ். கொரகொரப்பாக இருந்திருந்தால் இதற்கு நேர்மாறு: தண்ணீர் சரசரவென்று இறங்கி வெளிறிய சாயம் மிஞ்சியிருக்கும். வீட்டில் அது அரைக் கிலோ நஷ்டம். கடையில் கிலோ 800 ரூபாய் என்று வைத்தால் பத்துக் கிலோ பிசகியதும் 8,000 ரூபாய் கணக்கில் நிற்கும். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிக்கா பவுண்டு 4 டாலரைத் தாண்டிய பிறகு, இந்தப் பிசகை எந்த முதலாளியும் சிரித்துக்கொண்டு விடுவதில்லை. கைப்பக்குவம் உள்ள அரவைக்காரருக்கு மரியாதை இருப்பது இதனால்தான்.

சிக்கரி தனிக் கதை. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிற ஒரு செடியின் வேர் அது, வறுத்து அரைத்துக் காபித்தூளில் கலப்பார்கள். ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் கட்டிதட்டும். 80:20, அதாவது காபி 80 பங்கு, சிக்கரி 20 பங்கு கேட்ட வாடிக்கையாளருக்குக் கை தவறி 70:30 போனால் பில்லில் தெரியாது, நாக்கில் தெரிந்துவிடும். சிக்கரி கலந்த தூளில் காபி எடைக்கு 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலவை விவரம் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. மிஷின்காரர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு சோதனை. மகனைக் கடையிலிருந்து இரண்டு பொட்டலம் கொண்டுவரச் சொல்லுங்கள், ஒரே கொட்டை, இரண்டு அரவை. வீட்டில் இரண்டு டிகாஷன் போட்டு, எது ஏன் அப்படி வந்தது என்று அவனையே சொல்ல வையுங்கள். கூடவே இரண்டு கேள்வி. பிளேட்டைக் கடைசியாக எப்போது கழற்றித் துடைத்தீர்கள்? மோட்டாரை ஓடவிட்ட பிறகு கொட்டையை விடுவாயா, கொட்டையைக் கொட்டிவிட்டு மோட்டாரைப் போடுவாயா? வேலை தெரிந்தவன் முதலில் மிஷினைக் காலியாக ஓடவிடுவான். நிறைந்த தொட்டியோடு கிளப்பினால் பிளேட் சிக்கி மோட்டார் திணறும். பதில் சொல்லும்போது அவன் கண் பளிச்சென்று இருந்தால் எனக்கு நம்பிக்கை வரும். "அதெல்லாம் அண்ணன் பார்த்துப்பார்" என்றால், படிப்பிலிருந்து தப்பிக்க ஒரு நிழல் கிடைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

உங்கள் பயத்தில் ஒரு பகுதி நியாயமானது, அதை மறைக்க மாட்டேன். காபித் தூசி நாள் முழுக்க மூக்கில் ஏறும். சிலருக்கு அது வருடக்கணக்கில் சேர்ந்து ஆஸ்துமாவாகவே வந்திருக்கிறது. புதிதாக வறுத்த கொட்டையும் அரைத்த தூளும் கார்பன் மோனாக்சைடு வாயுவை விடும், காற்றோட்டம் இல்லாத சின்ன அறையில் தலைவலி வருவது சும்மா இல்லை. மிஷின் சத்தம் 85 டெசிபலைத் தாண்டித் தினமும் எட்டு மணி நேரம் காதில் விழுந்தால் காது மந்தமாகும். அப்புறம் கை. அடைத்துக்கொண்ட கொட்டையை ஓடுகிற மிஷினில் விரலால் தள்ளுவது இந்தத் தொழிலில் காணும் மிகப் பெரிய முட்டாள்தனம். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும். கடையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா, பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா, மாஸ்க் தருகிறார்களா என்று நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். தூள் வாங்குகிற சாக்கில் போனால் போதும்.

சம்பளத்தை ஊருக்கு ஊர் ஒரு மாதிரி சொல்வார்கள், நான் ஒரு தொகையைச் சொல்லி உங்களைக் குழப்பப் போவதில்லை. நீங்கள் கேட்க வேண்டியது வேறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமா? அப்படியானால் மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவருக்கு ஈஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு உண்டு. இருபது பேர் இருந்தால் பிஎஃப். சின்னக் கடையில் இரண்டும் இராது. பதிலுக்கு வறுவல் கற்றுத் தருவார்களா என்று கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை, வறுவல் டிரம் பக்கம் விடாத கடையில் ஒரு வருடத்துக்கு மேல் நிற்பது வீண். நூறு கிலோ பச்சைக் கொட்டை வறுத்தால் எண்பது, எண்பத்தைந்து கிலோதான் திரும்பி வரும். அந்த எடை எங்கே போனது, எந்த நிறத்தில் நிறுத்தினால் எந்த ருசி என்று தெரிந்தவர்தான் தொழிலுக்கு உள்ளே இருப்பவர். அரவை அதற்கு வாசல்படி.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். காலேஜா கடையா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்த வேண்டாம். மகனின் கை மிஷினுக்குப் போகிறதா, மூக்கு கொட்டைக்குப் போகிறதா என்று கவனியுங்கள்.

மிஷின் என்றால் அரசு ஐடிஐயில் ஃபிட்டர் அல்லது எலக்ட்ரீஷியன், இரண்டும் இரண்டு வருடம். மூன்று பேஸில் ஒன்று போனால் மோட்டார் ஏன் கருகுகிறது, தேய்ந்த பிளேட்டை எப்படிச் சமன் செய்வது என்று தெரிந்த அரவைக்காரர் எந்த ஊரிலும் பட்டினி கிடக்க மாட்டார். பெரிய ஆலைகளில் சேரவும் இந்தச் சான்றிதழ் வேண்டும். தேனியில் டாடா நிறுவனத்தின் இன்ஸ்டன்ட் காபி ஆலை இருக்கிறது. இன்ஸ்டன்ட் காபித் தயாரிப்பில் கொட்டையைக் கொரகொரப்பாக உடைத்து, சாறு இறக்கி, உலர்த்துவார்கள். அங்கெல்லாம் ஆபரேட்டர் என்றால் மீட்டர் படித்து, பதிவேடு எழுதி, ஷிப்டு பார்ப்பவர். மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் ஐடிஐ மாணவர்களுக்கும் உண்டு, விசாரியுங்கள்.

மூக்கு என்றால் பி.எஸ்சி. தாவரவியல். 1854இல் தொடங்கிய அரசுக் கல்லூரி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சாயங்காலம் கடைக்குப் போகட்டும், அதை நிறுத்தாதீர்கள். ஏன் இந்தப் பட்டம் என்றால், பெங்களூரில் உள்ள காபி வாரியம் காபித் தர மேலாண்மையில் ஒரு வருட முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. அதற்கு அறிவியல் அல்லது வேளாண் பட்டம் கேட்பார்கள். ருசி பார்த்துத் தரம் பிரிப்பவர்கள் அந்த வழியாகவும் வருகிறார்கள். வாரியமே 'காபி சாஸ்திரா' என்ற பெயரில் வறுவல், தயாரிப்பு பற்றிச் சில நாள் கட்டணப் பயிற்சியும் தருகிறது. ஆனால் அதை இப்போதே முடித்துச் சான்றிதழை மாட்டி வைப்பதில் பயனில்லை. ஒரு வருடம் தூசி தின்ற பிறகு போனால்தான் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

சொந்தக் கடை என்று மகன் பேசுகிறானாம். பேசட்டும். மிஷின் வாங்கக் கடன், மானியம் எல்லாம் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமின் தஞ்சாவூர் வளாகத்தில் உணவுத் தொழில் பயிற்சி உண்டு. ஆனால் பச்சைக் கொட்டையை எங்கே, எந்தத் தரத்தில் வாங்குவது என்று தெரியாமல் மிஷினை முதலில் வாங்கியவர்களின் மிஷின் பழைய சாமானாக விற்பனைக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். காபி விளைகிற ஏற்காடு, தாண்டிக்குடி, வால்பாறை ஏதாவது ஒன்றுக்கு அறுவடைக் காலத்தில், டிசம்பர், ஜனவரியில், அப்பாவும் மகனுமாக ஒரு தடவை போய்வரட்டும். பஸ்ஸில் அத்தனை மணி நேரம் பேசாமல் உட்கார முடியாது.

அதற்கு முன்னால் அந்த இரண்டு பொட்டலச் சோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள். அவன் என்ன சொன்னான், கடையில் வறுவல் பக்கம் விடுவார்களா என்று எழுதுங்கள். ஐடிஐ விண்ணப்பமும் கல்லூரி விண்ணப்பமும் கோடையிலேயே தொடங்கிவிடும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.